மான்டேவெர்டே: தார்ச்சாலை வந்தால் சாகசம் போய்விடுமா?

கோஸ்டாரிகாவின் மான்டேவெர்டே மேகக்காட்டுக்குப் போய் வந்ததாகச் சொன்னால் போதும், முன்பே அங்கே போனவர்கள் ஒரு புலம்பலைத் தொடங்கிவிடுகிறார்கள். "அந்தக் காலத்தில் போயிருக்க வேண்டும். மண்பாதையில் ஜீப் குதித்துக் குதித்து இடுப்பு கழன்றுவிடும். இப்போது பசிபிக் பக்கமிருந்து தார்ச்சாலை போட்டுவிட்டார்கள், சாகசமே போய்விட்டது!" இதில் எனக்குத் துளியும் உடன்பாடில்லை.

நாங்கள் அந்தச் சாலையில் போகவில்லை. லா ஃபோர்ட்டூனாவிலிருந்து வந்து, அரெனால் ஏரியைப் படகில் கடந்து, அக்கரையில் வேன் ஏறினோம். அந்தப் பக்கம் பாதை கரடுமுரடுதான். இடப்புறம் பள்ளம், எதிரே மாட்டு வண்டி அகலத்துக்கு ஒரு லாரி, கண்ணாடிக்கு வெளியே வெறும் வெள்ளை. என் மனைவி வழிநெடுக முருகனைத் துணைக்கு அழைத்தாள். ஏதோ பாட்டு என்று நினைத்து ஓட்டுநர் தலையாட்டிக்கொண்டே ஓட்டினார். எனக்கும் பிடித்துத்தான் இருந்தது, மறுக்கவில்லை. ஆனால் நான் விருந்தாளி. பிரசவ வலியோடு அந்தப் பாதையில் இறங்க வேண்டிய பெண்ணிடம் போய் இதைச் சாகசம் என்று சொல்ல முடியுமா?

"பாதை மோசமாக இருந்ததால்தான் காடு பிழைத்தது" என்பார்கள். கூட்டம் குறைந்தது உண்மை. ஆனால் காட்டைக் காத்தது குழிகள் அல்ல, மனிதர்கள். அமெரிக்காவின் அலபாமாவில் ராணுவத்துக்குப் பெயர் பதிய மறுத்து, போரை ஏற்காத கிறிஸ்தவப் பிரிவான குவேக்கர்களின் இளைஞர்கள் சிலர் சிறை சென்றார்கள். 1948-ல் ராணுவத்தையே கலைத்துவிட்ட நாடு என்பதால் அவர்களுடைய சமூகத்தார் கோஸ்டாரிகாவைத் தேடி வந்து, 1951-ல் இந்த மலையில் குடியேறினார்கள். மாடு வளர்த்தார்கள், 1953-ல் பாலாடைக்கட்டி ஆலை தொடங்கினார்கள். மேய்ச்சலுக்காக மரம் வெட்டியவர்களும் அவர்களேதான். ஆனால் ஓடைகள் பிறக்கும் மேட்டுக்காட்டில் மட்டும் கை வைக்கவில்லை. 1972-ல் அமைந்த காப்பகத்துக்கு அந்தக் காடு அடித்தளமாயிற்று. 1987-ல் ஸ்வீடனின் ஒரு பள்ளிப் பிள்ளைகள் காசு சேர்க்கத் தொடங்கியதில் பிறந்த 'குழந்தைகளின் காடு' இன்று 22,000 ஹெக்டேருக்கும் மேல்.

காட்டுக்குள் மழை பெய்யாமலே நனைந்தோம். கரீபியன் கடலிலிருந்து வரும் காற்று மலைச்சரிவில் ஏறிக் குளிர்ந்து மேகமாகிறது. அது மரங்களுக்குள் புகுந்து போகும்போது பாசியும் பெரணியும் ஆர்க்கிடும் அதிலிருந்து நீரைப் பிடித்துச் சொட்டுச் சொட்டாக இறக்கிவிடுகின்றன. ஒரு கிளையில்கூட விரல் வைக்க வெற்றிடம் இல்லை. கம்பியில் தொங்கி மரமுடிகளுக்கு மேலே பறக்கும் விளையாட்டுக்கும் போனேன். வாய்விட்டுக் கத்தினேன், பார்த்தது வெள்ளைப் புகையை மட்டும். அந்தக் காசுக்கு உள்ளூர் வழிகாட்டியோடு இரண்டு இரவு நடை போயிருக்கலாம். டார்ச் ஒளியில் இலையோடு இலையாகச் சுருண்டிருந்த பச்சை விரியனை அவர் காட்டியபோது கத்தக்கூட வாய் வரவில்லை.

சாலைதான் எதிரி என்பவர்கள் பொற்தேரையின் கதையைக் கேட்க வேண்டும். ஆண் தேரை தகதகவென்று ஆரஞ்சு நிறம். உலகிலேயே இந்த மலைமுகட்டில் சில சதுர கிலோமீட்டருக்குள் மட்டும் வாழ்ந்தது. 1987-ல் இனப்பெருக்கக் குட்டைகளில் ஆயிரத்துக்கும் மேல் கண்டார்கள். 1989-ல் ஒன்றே ஒன்று. அதன்பின் எதுவும் இல்லை. 2004-ல் அற்றுப்போன இனமாக அறிவித்தார்கள். வறட்சி, தோலைத் தாக்கும் பூஞ்சை, கடல் வெப்பமாவதால் மேகத்தின் அடிமட்டம் மேலே ஏறுவது என்று காரணங்களை ஆய்வாளர்கள் இன்றும் விவாதிக்கிறார்கள். தார் பூசிய சாலை அந்தப் பட்டியலில் இல்லை. அது வாழ்ந்த இடத்துக்குக் கோடரியும் போகவில்லை.

எல்லாரும் கேமராவோடு காத்திருக்கும் கெட்சால் பறவையும் காப்பகத்துக்குள்ளேயே அடங்கிக் கிடப்பதில்லை. குஞ்சு பொரித்து முடித்ததும், காட்டு வெண்ணெய்ப்பழ இனங்களின் சிறு கனிகளைத் தேடிக் கீழே இறங்குகிறது. அங்கே அதற்குக் கிடைப்பது பால் பண்ணைகளுக்கும் காபித் தோட்டங்களுக்கும் நடுவே மிஞ்சியிருக்கும் காட்டுத் துண்டுகள். அந்த மரங்களை வெட்டுவதும் விடுவதும் விவசாயிகளின் கையில் இருக்கிறது. அவர்களுடைய பாலும் காபியும் சந்தைக்குப் போக வேண்டும். சாலை வேண்டாம் என்கிறவர்கள் அவர்கள் வீட்டு வாசலில் நின்று அதைச் சொல்லிப் பார்க்கட்டும்.