மாடு கட்டிய மாளிகை

விண்ட்ரஷ் என்று ஓர் ஆறு இங்கிலாந்தின் ஆக்ஸ்போர்டுஷயரில் ஓடுகிறது. ஆறு என்று சொன்னால் காவிரிக்கரைக்காரர்கள் சிரிப்பார்கள், பல இடங்களில் வாய்க்கால் அகலம்தான். 1948-இல் கரீபியத் தீவுகளிலிருந்து ஆட்களை ஏற்றிக்கொண்டு டில்பரி துறைமுகத்துக்கு வந்ததே எம்பயர் விண்ட்ரஷ் கப்பல், அதற்குப் பெயர் கொடுத்தது இந்த ஆறுதான். விட்னி ஊருக்கு மேற்கே சில கிலோமீட்டர் போனால் இதன் கரையில் மின்ஸ்டர் லவல் மாளிகையின் இடிபாடு நிற்கிறது. காசு வாங்காமல் உள்ளே விடுகிறார்கள். போன கோடையில் நான் போனபோது பிள்ளைகள் தண்ணீரில் கும்மாளம் போட்டுக்கொண்டிருந்தார்கள். பெரியவர்கள் புல்லில் துண்டு விரித்துப் படுத்திருந்தார்கள். பாதி இடிந்த கோபுரத்தை அண்ணாந்து பார்த்தவர்கள் ரொம்பக் குறைவு.

இந்த இடத்தைப் பற்றி யார் பேசினாலும் லவல் பிரபுக்களில் ஆரம்பித்து அவர்களோடேயே முடித்துவிடுகிறார்கள். என் மனக்குறை அதுதான்.

சரி, அந்தக் கதையையும் சொல்லிவிடுகிறேன், நல்ல கதை. பிரான்சில் போரிட்டுத் திரும்பிய பெரும் பணக்காரர் வில்லியம் லவல் 1430-களில் கட்டிய வீடு இது. அவருடைய பேரன் பிரான்சிஸ், இங்கிலாந்து அரசர் மூன்றாம் ரிச்சர்டின் நெருங்கிய நண்பர். ரிச்சர்ட் பட்டத்துக்கு வந்த 1483-இலேயே இங்கே வந்து தங்கியிருக்கிறார். இரண்டே வருடத்தில் போஸ்வர்த் போரில் ரிச்சர்ட் செத்தார், பிரான்சிஸ் தப்பி ஓடினார். அந்தப் போரில் வென்று அரசரான ஏழாம் ஹென்றி இந்த வீட்டைப் பறித்துத் தன் சித்தப்பா ஜாஸ்பர் டியூடருக்குக் கொடுத்துவிட்டார். 1487-இல் ஹென்றியை எதிர்த்து ஸ்டோக் போரிலும் தோற்ற பிரான்சிஸ், குதிரையோடு டிரெண்ட் ஆற்றில் இறங்கினார் என்கிறார்கள். அதற்கப்புறம் என்ன ஆனார் என்று யாருக்கும் தெரியாது.

1708-இல் இங்கே புகைபோக்கி கட்டத் தோண்டியபோது ஒரு நிலவறை தென்பட்டதாம். உள்ளே மேசை முன்னால் உட்கார்ந்தபடி ஓர் எலும்புக்கூடு, எதிரே புத்தகம், காகிதம், பேனா. காற்றுப் பட்டதும் எல்லாம் பொடிப்பொடியாகிவிட்டதாம். அதுதான் காணாமல் போன பிரான்சிஸ் என்கிறார்கள். காதால் கேட்ட இந்தச் செய்தியை ஒருவர் கடிதத்தில் எழுதி வைத்தது 1737-இல். நடந்ததாகச் சொல்லும் வருடத்துக்கும் கடிதத்துக்கும் நடுவே இருபத்தொன்பது வருடம்! அதை விடுங்கள், பிரான்சிஸ் ஸ்டோக்கிலிருந்து ஓடியபோது வீடு எதிரியின் கைக்குப் போய் வருடம் இரண்டு ஆகிவிட்டது. உயிருக்குப் பயந்து ஓடுகிறவன் அதே வீட்டின் நிலவறையிலா வந்து ஒளிவான்? ஆனாலும் வருகிறவர்களுக்கு இந்த எலும்புக்கூடு வேண்டும்.

1602-இல் வீட்டை விலைக்கு வாங்கியவர் எட்வர்ட் குக் என்ற பேர்பெற்ற சட்ட நிபுணர் (எழுத்துப்படி ‘கோக்’ என்றுதான் படிக்கத் தோன்றும்). அந்த வம்சத்தில் பின்னால் வந்த தாமஸ் குக் 1728-இல் ‘மின்ஸ்டர் லவலின் லவல் பிரபு’ என்று பட்டம் வாங்கினார். கொஞ்ச காலத்தில் நார்ஃபோக்கில் ஹோல்கம் என்ற அரண்மனையைக் கட்ட ஆரம்பித்தார். 1747 வாக்கில் இந்த வீடு கைவிடப்பட்டது. பெரும்பகுதியை இடித்துக் கல்லை எடுத்துக்கொண்டு போனார்கள்.

எனக்குப் பிடித்த பகுதி இதற்குப் பிறகுதான். மிஞ்சிய சுவர்களுக்குள் பண்ணை நடந்தது. பிரபு விருந்து வைத்த வளாகம் தொழுவமாகவும் வைக்கோல் போடும் இடமாகவும் மாறியது, ஏறக்குறைய இருநூறு வருடம். லவல் குடும்பம் இந்த மாளிகையில் வாழ்ந்த காலத்தைவிட இங்கே பண்ணை நடந்த காலம் அதிகம். ஆள் புழங்காத கட்டடம் சீக்கிரம் விழும் என்பது கிராமத்தில் வளர்ந்த யாருக்கும் தெரியும். கல்லுக்கு விலை இருந்த காலத்தில் இவ்வளவாவது மிஞ்சியதற்கு உழவர்களும் ஒரு காரணம் என்பது என் கணிப்பு.

1930-களில் அரசின் பணித்துறை இடத்தை எடுத்துக்கொண்டது. சுவர்களைப் பலப்படுத்தினார்கள், புதிதாகச் சேர்ந்த பண்ணைக் கட்டடங்களை அகற்றினார்கள். 1913 முதல் 1933 வரை நினைவுச் சின்னங்களின் தலைமை ஆய்வாளராக இருந்த சார்ல்ஸ் பியர்ஸ் வகுத்துக் கொடுத்த வழி இது. விழுந்ததைத் திரும்பக் கட்டாதே, நிற்பதை விழ விடாதே. கொடியைப் பிடுங்கு, காரை பூசு, பிற்காலத்துச் சேர்க்கையை எடு, சுற்றிலும் புல்தரை போடு.

இதில் முதல் பாதிக்கு என் முழு ஆதரவு உண்டு. இதுமாதிரிச் சுவர் வெளியே இரண்டு பக்கமும் ஒழுங்கான கல், நடுவே சல்லியும் சுண்ணாம்புமாக இருக்கும். கூரை போனால் மழை மேலிருந்து நேராக அந்த நடுவுக்குள் இறங்கும், குளிர்காலத்தில் உறைந்து பருத்துச் சுவரைப் பிளக்கும். உச்சியை மூடாமல் விட்டிருந்தால் இந்தக் கோபுரத்தை நான் பார்த்திருக்க முடியாது. ‘அப்படியே திரும்பக் கட்டி ஹோட்டல் ஆக்கலாமே’ என்கிறவர்களோடு எனக்குப் பேச்சே இல்லை.

பண்ணையை அகற்றியதைத்தான் என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. இதே ஆற்றில் மேலே சில மைல் தள்ளி பர்ஃபோர்ட் தேவாலயம் இருக்கிறது. அங்கே 1876-இல் ‘புதுப்பிப்பு’ என்ற பெயரில் நடந்ததைப் பார்த்துக் கொதித்துப்போனார் கவிஞரும் வடிவமைப்பாளருமான வில்லியம் மோரிஸ். அடுத்த வருடமே பழங்கட்டடங்களைக் காக்க ஒரு சங்கம் தொடங்கினார். பிடித்த நூற்றாண்டை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதைச் சுரண்டி எறியாதே என்பது அவருடைய வாதம். அந்த அளவுகோலை இங்கே வைத்தால் பதினைந்தாம் நூற்றாண்டு பிரபுவுக்குக் கிடைத்த மரியாதை பத்தொன்பதாம் நூற்றாண்டு மாட்டுக்காரனுக்குக் கிடைக்கவில்லை. வட்டமான புறா மாடம் தப்பித்தது, அதுவும் பழையது என்பதால்.

பெருங்கூடத்துக்குள் போய் எந்த மூலையில் மாடு கட்டியிருப்பார்கள் என்று தேடிப் பார்த்தேன். சுவரில் அங்கங்கே குழிகள் தெரிந்தன, மரம் சொருகியது போல. எது லவல் வீட்டு உத்தரம் உட்கார்ந்த குழி, எது தொழுவக் கூரைக்காகத் தோண்டிய குழி என்று பிரித்துச் சொல்ல எனக்குத் தெரியவில்லை.