பரோட்டாதான் கொன்றதா?

ஞாயிற்றுக்கிழமை நம் ஊர்க் குழுவில் வந்த இரங்கல் செய்தியையும் அதற்குக் கீழே நடந்த கூத்தையும் பெரும்பாலோர் பார்த்திருப்பீர்கள். மறுபடி இங்கே எடுத்துப் போட மாட்டேன். அந்தத் தம்பியின் படத்தை இன்னொரு சுற்று ஓடவிட எனக்கு மனமில்லை. வயது 34. வளைகுடாவில் கட்டட வேலை. இரவு தூங்கப் போனவர் காலையில் எழவில்லை. இயற்கை மரணம் என்று சான்றிதழ். அவ்வளவுதான் செய்தி. உடல் அங்கே சவக்கிடங்கில் இருக்கும்போதே இங்கே தீர்ப்பு எழுதிவிட்டார்கள். ‘பரோட்டாவும் கோழியுமாகத் தின்றால் இப்படித்தான்.’ ‘இந்தக் காலத்துப் பையன்களுக்கு உடற்பயிற்சியே கிடையாது.’ இரும்புக் குழாயைத் தோளில் ஏற்றி நாள் முழுக்கச் சாரம் ஏறி இறங்குகிறவனுக்கு உடற்பயிற்சி போதவில்லையாம்! அதற்கு எத்தனை விருப்பக்குறிகள் விழுந்தன என்பதையும் பார்த்தேன்.

ஒன்றே ஒன்றைத்தான் சொல்ல வந்தேன். அந்தத் தம்பி எதனால் இறந்தார் என்று யாரும் பார்க்கவில்லை. உடலைத் திறந்து பார்க்கவில்லை, அன்று எத்தனை மணி நேரம் வெயிலில் நின்றார் என்று கேட்கவில்லை. பார்க்காமல் எழுதிய ஒரு தாளை வைத்துக்கொண்டு செத்தவனின் தட்டில் என்ன இருந்தது என்று ஆராயாதீர்கள்.

‘இதயமும் சுவாசமும் நின்றதால் மரணம்’ என்று அந்தத் தாள்களில் எழுதுவார்கள். உலகத்தில் யார் செத்தாலும் இதயம் நிற்கத்தான் செய்யும். நிற்க வைத்தது எது என்பதல்லவா கேள்வி? உலக சுகாதார நிறுவனத்தின் மரணச் சான்றிதழ் படிவமே இப்படி எழுதாதே, அடிப்படைக் காரணத்தை எழுது என்கிறது. இது நான் கண்டுபிடித்த குறை அல்ல. கத்தார் அரசே அமர்த்திய ஒரு பன்னாட்டுச் சட்ட நிறுவனம், எதிர்பாராத, திடீர் மரணங்களில் பிரேதப் பரிசோதனைக்குச் சட்டம் இடம் கொடுக்க வேண்டும் என்று 2014 இலேயே பரிந்துரைத்தது. 2021 பிப்ரவரியில் கார்டியன் நாளிதழ் ஒரு கணக்கை வெளியிட்டது. கால்பந்து உலகக் கோப்பையை நடத்தும் உரிமை கத்தாருக்குக் கிடைத்த பிறகான பத்தாண்டுகளில், இந்தியா, நேபாளம், வங்கதேசம், பாகிஸ்தான், இலங்கை ஆகிய ஐந்து நாடுகளைச் சேர்ந்த 6,500 பேருக்கு மேல் அங்கே இறந்திருக்கிறார்கள். இந்தியர்கள் மட்டும் 2,711. அந்த இந்திய மரணங்களில் 80 சதவீதம் இயற்கை மரணம் என்று பதிவாகியிருந்தது. எல்லோருக்கும் பரோட்டாதானா?

அந்த 6,500 பேரும் மைதானம் கட்டியவர்கள் அல்லர், பல வேலைகளில் இருந்தவர்கள், சிலர் வயதானவர்கள் என்று யாராவது வருவீர்கள். தெரியும். நானும் அங்கே டைம் கீப்பராக இருந்தவன்தான். யார் எத்தனை மணிக்குச் சைட்டுக்குள் வந்தார், எத்தனை மணிக்கு வெளியேறினார் என்று எழுதுவதே என் வேலை. அதனால்தான் இதைப் பேச எனக்குக் கொஞ்சம் உரிமை உண்டு என்று நினைக்கிறேன்.

எங்கள் கேம்ப்பில் பெரம்பலூர்ப் பக்கத்து ஆள் ஒருவர் இருந்தார். சாரம் கட்டுகிறவர். குடிக்க மாட்டார், பீடி கிடையாது, வெள்ளிக்கிழமை சமையல் அவருடையது. என்னை ‘அண்ணே’ என்பார்; வயதில் என்னைவிட மூத்தவர், ஆனால் கையில் பேனா வைத்திருப்பவன் எல்லாம் அவருக்கு அண்ணன். ஆகஸ்ட் மாதம். கான்கிரீட் போட வேண்டிய நாள் நெருங்கியதால் இரண்டு வாரமாக எல்லோருக்கும் ஓவர் டைம். ஒருநாள் மாலை பஸ்ஸில் ஏறும்போது காலில் நரம்பு இழுக்கிறது என்றார், தலை வலிக்கிறது என்றார். உப்பும் சர்க்கரையும் கலந்து ஒரு பாட்டில் தண்ணீர் குடித்துவிட்டுப் படுத்தார். விடிகாலை நாலரைக்கு எழுப்பினால் எழவில்லை.

அவருடைய ஓவர் டைம் தாள் என் மேசையில் இருந்தது. காவல்துறையிலிருந்து வந்தவர்கள் கேட்கவில்லை, நிறுவனமும் கேட்கவில்லை. மருத்துவமனைத் தாள் வந்தது: இயற்கை மரணம். பிறகு நடந்ததெல்லாம் ஒழுங்காக, வேகமாக நடந்தது. பாஸ்போர்ட் ரத்து, தூதரகத்தின் தடையில்லாச் சான்று, உடல் கெடாமல் பதப்படுத்தியதற்கான எம்பாமிங் சான்றிதழ், கார்கோவில் பெட்டி. அவர் மனைவியிடம் போனில் சொன்னது எனக்குத் தெரியும், பக்கத்தில் இருந்தேன்: பிரேதப் பரிசோதனை அது இது என்று கேட்டால் உடல் வர மாதக்கணக்கில் ஆகும், சம்மதக் கடிதத்தில் கையெழுத்துப் போட்டால் இந்த வாரமே வந்துவிடும். அந்த அம்மா என்ன செய்வார்? போட்டுவிட்டார்.

‘குடும்பமே வேண்டாம் என்கிறதே, பிறகு நீ ஏன் குதிக்கிறாய்’ என்பவர்களுக்கு இதற்கு மேல் நான் பதில் சொல்லப்போவதில்லை.

வெயில் ஆளை எப்படிக் கொல்கிறது என்று தெரியாமலே நிறையப் பேர் பேசுகிறார்கள். மயங்கி விழுவது மட்டும் இல்லை. உடல் சூட்டை வெளியேற்ற ரத்தத்தைத் தோலுக்குத் தள்ள வேண்டும், அதற்கு இதயம் மணிக்கணக்கில் வேகமாக ஓட வேண்டும். வியர்வையில் நீரும் உப்பும் போய் ரத்தத்தின் அளவு குறையும்போதுதான் இந்த ஓட்டம். கடலோரத்துப் புழுக்கத்தில் வியர்வை காயவும் காயாது, வழியும், அவ்வளவுதான். இது தினமும் நடந்தால் சிறுநீரகமும் கெடுகிறது. ஊர் திரும்பிய இளம் தொழிலாளர்கள் டயாலிசிஸுக்கு வந்து நிற்பதை நேபாள மருத்துவர்கள் பேசிக்கொண்டே இருக்கிறார்கள். 2009 முதல் 2017 வரை கத்தாரில் இறந்த 1,300க்கும் மேற்பட்ட நேபாளத் தொழிலாளர்களின் பதிவுகளை எடுத்து, இதய நோய் மரணங்கள் வெப்பத்தோடு சேர்ந்து ஏறுவதை 2019 இல் ஓர் ஆய்வு காட்டியது. இதயத்தால் இறந்ததாகப் பதிவான 571 பேரில் 200 பேர் வரை, வெயிலிலிருந்து பாதுகாத்திருந்தால் பிழைத்திருக்கலாம் என்பது அவர்கள் மதிப்பீடு. அதன் பிறகு 2021 இல் கத்தார் விதியை இறுக்கியது. ஜூன் 1 முதல் செப்டம்பர் 15 வரை காலை 10 முதல் மாலை 3.30 வரை வெட்டவெளியில் வேலை கூடாது. வெப்பம், ஈரப்பதம், வெயில், காற்று எல்லாம் சேர்த்துக் கணக்கிடும் அளவு 32.1 டிகிரியைத் தாண்டினால் எந்த நேரமானாலும் வேலையை நிறுத்த வேண்டும். பரோட்டாவுக்குத் தடை போட்டதாகத் தெரியவில்லை.

சரி, எதிர்த்தரப்பு. ‘வெளிநாட்டில் யார் இறந்தாலும் இதய நோய்தானே முதல் காரணம்?’ என்று ஒரு நண்பர், மருத்துவம் படித்தவர், உள்பெட்டியில் கேட்டார். சுற்றுலா போகிறவர்களைப் பற்றிய கணக்கு அது. அங்கே இதய நோய் முதலிடம். சாலை விபத்தும் தண்ணீரில் மூழ்குவதும் அடுத்து. எல்லோரும் பயந்து ஊசி போட்டுக்கொள்ளும் தொற்றுநோய்களின் பங்கு மிகச் சிறியது. ஆனால் அந்த இதய நோய்க் கணக்கில் பெரும்பாலும் இருப்பவர்கள் ஓய்வூதியப் பணத்தில் கப்பலேறிய முதியவர்கள். இங்கே நாம் பேசுவது விசாவுக்கு முன் மெடிக்கலில் ‘தகுதி’ என்று முத்திரை வாங்கிப் போன 25, 30 வயதுக்காரர்களை. மெடிக்கலில் மார்பு எக்ஸ்ரேயும் ரத்தப் பரிசோதனையும்தான், இதயத்தை யார் பார்த்தார்கள் என்பீர்கள். நல்ல கேள்வி. அதை அந்த நாடுகளிடம் கேளுங்கள். தங்களுக்குத் தொற்று வரக்கூடாது என்பதற்கு அத்தனை பரிசோதனை, அவனுக்கு என்ன ஆகும் என்பதற்கு ஒன்றுமில்லை.

தெற்காசியர்களுக்கு மாரடைப்பு முன்கூட்டியே வருகிறது என்பதும் உண்மை. ஒப்புக்கொள்கிறேன். புகைக்கிறவர்களும் சர்க்கரை நோயை மறைத்துக்கொண்டு போகிறவர்களும் இருக்கிறார்கள். தற்கொலைகள் உண்டு, அதைப் பற்றி எழுத இப்போது எனக்குத் தெம்பில்லை. அப்படியே இருக்கட்டும், அதையும் பார்த்துத்தானே எழுத வேண்டும்? 1980களில் சிங்கப்பூரில் தாய்லாந்துக் கட்டடத் தொழிலாளர்கள் இளம் வயதில் தூக்கத்திலேயே இறந்தார்கள். ஊரில் பேய் என்றார்கள். மருத்துவர்கள் விடாமல் ஆராய்ந்ததால், இத்தகைய மரணங்கள் பலவற்றின் பின்னால் பரம்பரையாக வரும் இதயத் துடிப்புக் கோளாறு இருப்பது பின்னாளில் தெரியவந்தது. பார்த்தால் ஏதோ ஒன்று தெரியும். இத்தனைக்கும் வெப்பத்தால் இறந்தவரின் உடலில் தனி அடையாளம் அதிகம் இருக்காது. இறந்த நேரத்து உடல் சூடு, அன்றைய வேலை, குடித்த தண்ணீர் எல்லாவற்றையும் அங்கேயே, அப்போதே விசாரித்தால்தான் பிடிபடும். எம்பாமிங் ஆகி இங்கே வந்த பெட்டியைத் திறந்து அழலாம், காரணம் தேட முடியாது.

‘தெரிந்து என்ன ஆகப்போகிறது, போன உயிர் வரவா போகிறது’ என்ற தத்துவவாதிகளுக்குக் காசுக் கணக்கு சொல்கிறேன். குடியேற்ற அனுமதி தேவைப்படும் பாஸ்போர்ட்டில் போகிறவர்களுக்கு நம் அரசு கட்டாயமாக்கியிருக்கும் பிரவாசி பாரதிய பீமா யோஜனா காப்பீட்டில் 10 லட்சம் ரூபாய் உண்டு. விபத்தில் இறந்தால்! வேலையால் நேர்ந்த மரணத்துக்கு முதலாளி இழப்பீடு தரவேண்டும் என்று அந்த நாடுகளின் சட்டமும் சொல்கிறது. வேலையால் என்று நிரூபித்தால்! அந்தத் தாளில் எழுதிய இரண்டு வார்த்தை இரண்டு கதவையும் சேர்த்துச் சாத்துகிறது. பெரம்பலூர்க் குடும்பத்துக்குக் கிடைத்தது பாக்கிச் சம்பளமும் நாங்கள் கேம்ப்பில் வசூலித்த பணமும்தான்.

2024 ஜூன் 12 அன்று குவைத்தின் மங்காஃபில் தொழிலாளர் குடியிருப்பு எரிந்து 45 இந்தியர்கள் இறந்தார்கள், அதில் 7 பேர் தமிழ்நாட்டுக்காரர்கள். விமானப்படை விமானம் போனது, கொச்சியில் அமைச்சர்கள் வரிசையாக நின்றார்கள். நிற்கட்டும், நின்றது சரி. ஆனால் 2014 தொடங்கி 2019 வரை ஆறு வளைகுடா நாடுகளில் இறந்த இந்தியத் தொழிலாளர்கள் கிட்டத்தட்ட 34,000 பேர் என்று நாடாளுமன்றத்திலேயே சொன்னார்கள். ஒவ்வொருவராகக் கட்டிலில் செத்தால் யாரும் விமான நிலையத்துக்கு வருவதில்லை. உலகக் கோப்பை நடந்துகொண்டிருக்கும்போது ஒரு பிலிப்பைன்ஸ் தொழிலாளியின் மரணம் பற்றிக் கேட்டதற்கு, போட்டியின் தலைமை நிர்வாகி நாசர் அல் காத்தர், மரணம் வாழ்க்கையின் இயல்பான பகுதி, இதைப் பேச வேறு நேரம் இல்லையா என்கிற தோரணையில் பதில் சொன்னார். அன்று உலகமே அவரைத் திட்டியது, நம் குழுவிலும் திட்டினார்கள். ஞாயிற்றுக்கிழமை அதே ஆட்கள் சொன்னது அதைவிட எந்த விதத்தில் மேல்? அவராவது அந்த மனிதரின் சாப்பாட்டைக் குறை சொல்லவில்லை.

விடுமுறைக்கு வந்தால் சென்ட் பாட்டில் கேட்பீர்கள். கோயில் கும்பாபிஷேகத்துக்கு, பள்ளிவாசல் மினாராவுக்கு, கல்லறைத் திருநாள் பந்தலுக்கு நன்கொடைச் சீட்டை நீட்டுவீர்கள். ஒரு மாதம் தங்கினால் ‘எப்போது திரும்புகிறாய்’ என்று கேட்பீர்கள். சிரித்துக்கொண்டேதான் பதில் சொன்னோம். செத்த பிறகும் எங்கள் கொழுப்பைப் பற்றித்தான் பேச்சா?

சிலர் ‘யார் போகச் சொன்னது’ என்றும் எழுதியிருந்தார்கள். உங்களில் எத்தனை பேர் வீட்டுத் தளம் வளைகுடாப் பணத்தில் போட்டது என்று எனக்குத் தெரியும். பெயர் சொல்ல மாட்டேன்.

அயலகத் தமிழர் நலத்துறை இருக்கிறது, ஜனவரி 12 அன்று விழா எடுக்கிறோம், விமான நிலையத்திலிருந்து ஊர்வரை உடலைக் கொண்டுபோக இலவச வண்டியும் வருகிறது. நன்றி. அதோடு ஒவ்வோர் ஆண்டும் எந்த மாவட்டத்தில் எத்தனை பேர், என்ன வயது, என்ன வேலை, எந்த மாதத்தில் இறந்தார்கள் என்ற பட்டியலையும் வெளியிடுங்கள். 50 வயதுக்குக் கீழே யார் திடீரென்று இறந்தாலும் சம்மதக் கடிதம் கேட்பதற்கு முன் மருத்துவ அறிக்கையும் கடைசி மாத வேலைநேரத் தாளும் தூதரகத்தின் கைக்கு வர வேண்டும் என்று மத்திய அரசை வற்புறுத்துங்கள். அந்தத் தாள் எல்லாச் சைட்டிலும் இருக்கும். என்னைப் போல ஒருவன் எழுதித்தான் வைத்திருப்பான்.