பின் சீட்டுக்கும் பெல்ட் உண்டு

காரில் முன்னால் இருப்பவர்கள் பெல்ட் போட்டால் போதும், பின்னால் தேவையில்லை என்று சென்னையில் படித்தவர்களே நம்புகிறார்கள். காரணம் கேட்டால், "பின்னாடி போலீஸ் புடிக்க மாட்டாங்க" என்கிறார்கள். சட்டப்படி இது தவறு. முன்னோக்கிய பின் சீட்டில் இருப்பவரும் பெல்ட் போட்டே ஆகவேண்டும், போடாவிட்டால் அபராதம் 1000 ரூபாய். ஆனால் எனக்கு அபராதம் முக்கியமில்லை.

2022 செப்டம்பரில் மகாராஷ்டிராவின் பால்கர் அருகே, டாடா சன்ஸ் நிறுவனத்தின் முன்னாள் தலைவர் சைரஸ் மிஸ்திரி வந்த விலையுயர்ந்த கார் பாலத்துச் சுவரில் மோதியது. முன் சீட்டில் இருந்த இருவர் பிழைத்தார்கள். பின்னால் பெல்ட் போடாமல் இருந்த அவரும் இன்னொருவரும் இறந்தார்கள்.

சென்னை ஓஎம்ஆர் சாலையில் 60 கிலோமீட்டர் வேகத்தை நாம் மெதுவாகப் போவது என்போம். அந்த வேகத்தில் கார் எதிலாவது மோதி நின்றாலும் உடம்பு நிற்காது, அதே 60-ல் முன்னால் பாயும். நாலாவது மாடியிலிருந்து விழுகிறவர் தரையைத் தொடும் வேகம் அது. பின்னால் இருப்பவர் வந்து மோதுவது முன் சீட்டில். பெல்ட் போட்ட டிரைவரையும் அவர் நசுக்கிவிடுவார்.

என்னை அதிகம் பதறவைப்பது மடியில் உட்காரும் குழந்தைகள்தான். "நான் கெட்டியா புடிச்சிருக்கேன்" என்கிறார்கள் பாட்டிகள். அந்த அன்பில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் மோதும் கணத்தில் பத்து கிலோ குழந்தையைப் பிடித்து நிறுத்த நூறு கிலோவுக்கு மேல் தாங்கும் பலம் வேண்டும். எந்தக் கைக்கும் அது கிடையாது. முன் சீட்டு மடி இன்னும் மோசம், ஏர்பேக் விரியும் வேகமே குழந்தையைக் கொன்றுவிடலாம். தயவுசெய்து குழந்தைகளுக்கான சீட் வாங்குங்கள். முதல் பிறந்தநாளுக்கு மண்டபம் பிடிக்கிறோமே, அதைவிடச் செலவு குறைவு.

கர்ப்பிணிகளுக்குப் பெல்ட் ஆகாது என்பதும் தவறு. கீழ்ப்பட்டை வயிற்றுக்கு அடியில், இடுப்பெலும்பின் மேல் படியவேண்டும். மேல்பட்டை மார்புக்கு நடுவே வந்து வயிற்றின் பக்கவாட்டில் இறங்கவேண்டும். வளைகாப்பு முடிந்து பெண்ணை அழைத்துப் போகிறவர்கள் இதைச் செய்துவிட்டுக் கிளம்புங்கள். புடவை கசங்கினால் கசங்கட்டும்.

கால் டாக்ஸியில் வேறொரு தொல்லை. பட்டை இருக்கும், அதை மாட்டும் பக்கிள் சீட் கவருக்கு அடியில் புதைந்திருக்கும். "அண்ணே, பக்கிளை எடுத்து விடுங்க" என்று கேளுங்கள், பெரும்பாலான டிரைவர்கள் முகம் சுளிக்காமல் எடுத்துத் தருகிறார்கள். கார் வைத்திருப்பவர்களே, ஜி.பி. ரோட்டில் புதுக் கவர் போடும்போது பக்கிள் வெளியே வருவதற்கு இடம் விட்டுத் தைக்கச் சொல்லுங்கள். பெல்ட் போடாமலே கார் எழுப்பும் எச்சரிக்கைச் சத்தத்தை நிறுத்தும் கிளிப்பை யாராவது நீட்டினால் வாங்காதீர்கள்.