மகள் கொடுத்த கடன்

பத்து வயசுப் பெண்ணின் உண்டியல் காசை எடுத்துக் கடன் கொடுக்க வைத்தேன் என்றதும், "குழந்தைக்கு எதுக்கு இந்த வட்டிக்கடை வேலையெல்லாம்?" என்று கேட்டவர்கள் அதிகம். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

நாங்கள் கடன் கொடுத்தது கீவா வழியாக. அது 2005-இல் தொடங்கிய, லாப நோக்கமில்லாத அமைப்பு. 25 டாலர் இருந்தால் அதன் இணையதளத்தில் யாருக்காவது கடன் கொடுக்கலாம். நமக்கு வட்டி கிடையாது. அசல் தவணை தவணையாகத் திரும்பும், திரும்பாமலும் போகலாம்.

முதலில் மகள் தேடியது "யாரு ரொம்பப் பாவம்?" என்றுதான். ஒவ்வொரு படமாகப் பார்த்துக்கொண்டே வந்தவள், தையல் மெஷின் வாங்கக் கடன் கேட்டிருந்த ஒரு பெண்ணிடம் நின்றாள். பேப்பரை எடுத்துக் கணக்குப் போட்டாள். "மாசத்துக்கு எத்தனை சட்டை தைச்சா இவங்களால கட்ட முடியும்மா?" இரக்கத்தில் தொடங்கியவள் அந்தப் பெண்ணின் தொழிலை யோசிக்க ஆரம்பித்துவிட்டாள். வெறும் நன்கொடையாக இருந்திருந்தால் இந்தக் கேள்வி வந்திருக்காது என்றே நினைக்கிறேன்.

1976-இல் வங்கதேசத்தின் ஜோப்ரா கிராமத்தில், பின்னாளில் ஏழைகளுக்கான கிராமீன் வங்கியைத் தொடங்கிய முகமது யூனுஸ் 42 பேருக்குச் சேர்த்துக் கொடுத்த முதல் கடன் 27 டாலர்தான் என்று சொன்னேன். "என்னோடதைவிட ரெண்டுதான் ஜாஸ்தி!" என்று குதித்தாள்.

சிக்கல் அடுத்த வாரம் வந்தது. "நாம வட்டி வாங்கலையே, அவங்க மட்டும் ஏன் கட்டுறாங்க?" மழுப்பியிருக்கலாம். மழுப்பவில்லை. பணத்தைக் கொண்டுபோய்ச் சேர்ப்பது உள்ளூர் நிதி நிறுவனம். சின்னச் சின்னத் தவணைகளை வசூலிக்க ஆள் வேண்டும், செலவு ஆகும், அதனால் பெரும்பாலும் வட்டி வாங்குகிறார்கள். பல நேரம் படம் தளத்தில் வருவதற்கு முன்பே கடன் கைக்குப் போயிருக்கும், அந்தத் தொகையை ஈடுகட்டத்தான் நம் பணம் அந்த நிறுவனத்துக்குப் போகிறது. அவள் முகம் வாடிவிட்டது. "அப்போ நான் தேர்ந்தெடுத்தது பொய்யா?" நம் பணம் வந்தால்தான் அவர்களால் அடுத்தவருக்குக் கொடுக்க முடியும் என்று விளக்கினேன். பாதி சமாதானம்தான். இந்தியா உட்பட ஆறு நாடுகளில் நடந்த ஆய்வுகள் 2015-இல் சேர்ந்து வெளியாயின. ஏழைகளுக்கு இப்படிக் கொடுக்கும் சின்னக் கடன், அதாவது குறுங்கடன், கொஞ்சம் கைகொடுக்கிறது, வறுமையைப் புரட்டிப்போடவில்லை என்றுதான் அவை சொல்லின. அதையும் சொன்னேன். பிள்ளைகளுக்கு நல்லதைச் செய்யக் கற்றுக்கொடுக்கும்போது அதன் ஓட்டைகளை மறைப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

பெற்றோருக்கு ஒரே ஒரு வேண்டுகோள். பணம் பிள்ளையின் சொந்தச் சேமிப்பாக இருக்கட்டும். தவணை தவறினால் நீங்கள் கைக்காசைப் போட்டு நிரப்பாதீர்கள். எங்களுக்கும் ஒரு மாதம் வரவில்லை. எனக்குக் கை பரபரத்தது. அவளோ, "உடம்பு சரியில்லையோ என்னவோ, தைக்க முடிஞ்சிருக்காது" என்றாள். ஏமாற்றிவிட்டார்கள் என்ற நினைப்பே அவளுக்கு வரவில்லை. அன்றைக்கு எனக்குத் தொண்டை அடைத்தது.

போன வாரம் முழுப் பணமும் திரும்பிவிட்டது. திரும்ப எடுத்துக்கொள்ளலாம், இன்னொருவருக்குக் கடனாகக் கொடுக்கலாம், கீவாவுக்கே நன்கொடையாகவும் விட்டுவிடலாம். "எடுத்துக்கட்டுமா?" என்று கேட்டாள். "உன் பணம்" என்றேன். தினமும் சாயங்காலம் தளத்தைத் திறந்து பார்க்கிறாள், பேப்பரில் என்னவோ கணக்குப் போடுகிறாள், மூடிவைக்கிறாள். நான் வாயைத் திறக்கவில்லை.