புகாருக்கு ஆளானவரே விசாரணை அதிகாரி

ஆட்சியில் இருப்பவர்கள் மேல் வரும் புகாரை நீதிமன்றம் மத்திய அரசின் சிபிஐக்கு மாற்றுவது சரிதான் என்று நேற்று எழுதினேன். அந்தப் பதிவுக்குக் கீழே நடந்ததை எல்லோரும் பார்த்தீர்கள். என்னால் முடிந்தவரை பொறுமையாகத்தான் பதில் சொன்னேன். கல்லூரியிலிருந்து கூடவே இருக்கும் ஒரு நண்பன் வந்து, "சிபிஐ விசாரணைக்கு உத்தரவிட நீதிமன்றம் யார்? மாநில உரிமைன்னா என்னன்னு தெரியாத நீயெல்லாம்" என்று ஆரம்பித்தானே, அங்கேதான் தூக்கம் போயிற்று. அதற்கு விழுந்த லைக்குகளையும் பார்த்தேன்.

சரி, திரும்பவும் சொல்கிறேன். புகார் ஆட்சியில் இருப்பவர் மேல் என்றால், அவருக்குக் கீழே வேலை பார்க்கிறவர் அதை விசாரிக்கக் கூடாது. நான் சொன்னது அவ்வளவுதான்.

மாநிலத்துக்குள் சிபிஐ வழக்கு எடுக்க மாநில அரசின் ஒப்புதல் வேண்டும். ஒவ்வொரு வழக்குக்கும் தனியாகக் கேட்க வேண்டாம் என்று மொத்தமாகக் கொடுத்திருந்த பொது ஒப்புதலைத் தமிழ்நாடு 2023 ஜூனில் திரும்பப் பெற்றது. பெறட்டும், அது அரசின் உரிமை. ஆனால் அந்தப் பூட்டு உயர் நீதிமன்றத்துக்கும் உச்ச நீதிமன்றத்துக்கும் இல்லை என்று 2010-லேயே ஐந்து நீதிபதிகள் கொண்ட அரசியல் சாசன அமர்வு சொல்லியாயிற்று. மேற்கு வங்க வழக்கு அது. அந்த அதிகாரத்தை அபூர்வமாக, எச்சரிக்கையோடுதான் பயன்படுத்த வேண்டும் என்றும் அதிலேயே இருக்கிறது. நானும் படித்திருக்கிறேன், யாரும் வகுப்பெடுக்க வேண்டாம்.

குட்கா வழக்கை எடுத்துக்கொள்ளுங்கள். தடை செய்யப்பட்ட குட்காவை விற்க விட லஞ்சம் வாங்கியதாக அமைச்சர் பெயரும் போலீஸ் உயரதிகாரிகள் பெயரும் அடிபட்டன. 2018 ஏப்ரலில் உயர் நீதிமன்றம் அதை சிபிஐக்கு மாற்றியது. மாற்றாமல்? டிஜிபிக்கு சல்யூட் அடித்துவிட்டு, "ஐயா, கொஞ்சம் வாக்குமூலம்" என்று எந்த இன்ஸ்பெக்டர் கேட்பார்?

அதே வருடம் அக்டோபர் 12. நெடுஞ்சாலை டெண்டர் புகாரில் அன்றைய அதிமுக முதல்வர் பழனிசாமி மேல் சிபிஐ விசாரணைக்கு உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. பதவி விலகு என்றது திமுக. அதிமுக தரப்பு உச்ச நீதிமன்றத்துக்கு ஓடி அந்த மாதமே தடை வாங்கியது. 2022-இல் அந்த உத்தரவு ரத்து, 2023-இல் விசாரணை கேட்டுப் போட்ட மனுவே தள்ளுபடி. அப்புறம் கள்ளக்குறிச்சி விஷச் சாராயம். 2024 நவம்பரில் சிபிஐக்குப் போனது. அதைக் கேட்டு வழக்குப் போட்டவர்களில் அதிமுகவும் உண்டு. இந்த முறை உச்ச நீதிமன்றத்துக்கு ஓடியது திமுக அரசு. ஓடுகிறவர்களின் கரைவேட்டிதான் மாறுகிறது. இதைச் சொன்னால் காலையில் நான் பாஜக சங்கி, சாயங்காலம் திமுகவிடம் காசு வாங்கி எழுதும் இருநூறு ரூபாய் உபி.

"சிபிஐ மட்டும் யோக்கியமா?" இல்லை. 2013-இல் உச்ச நீதிமன்றமே அதை எஜமான் குரலில் பேசும் கூண்டுக்கிளி என்றது. சிபிஐ விசாரித்த 2ஜி அலைக்கற்றை ஊழல் வழக்கை உச்ச நீதிமன்றமே கண்காணித்தது, 2017-இல் அத்தனை பேரும் விடுதலை. நியாயமான கேள்விதான், இதற்கு என்னிடம் முழுப் பதில் இல்லை. ஆனால் சிபிஐ வேண்டாமென்றால் நீதிமன்றமே சிறப்புப் புலனாய்வுக் குழு போடலாம், முன்பு போட்டும் இருக்கிறது. சிபிஐ சரியில்லை, அதனால் திருடனை அவன் மச்சானே விசாரிக்கட்டும் என்பது என்ன வாதம்?

இதில் எனக்கு ஏன் இவ்வளவு கோபம் என்று கேட்டார்கள். சொல்கிறேன். எங்கள் ஊர்க் கண்மாயில் ஒரு கூடை மண்கூட அள்ளாமல் தூர்வாரியதாகக் கணக்கு எழுதினார்கள். அப்பா மனு போட்டார். ஒரு மாதம் கழித்துக் கடிதம் வந்தது: "தங்கள் மனு மேல்நடவடிக்கைக்காகச் சம்பந்தப்பட்ட அலுவலருக்கு அனுப்பப்பட்டுள்ளது." சம்பந்தப்பட்ட அலுவலர் யார்? மனுவில் பெயர் இருந்த அதே ஆள். மறுநாள் சாயங்காலம் அந்த மனுவைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வண்டியில் வீட்டுக்கே வந்தார். அம்மா காபி கொடுத்தாள். "பெரியவரே, எதுக்கு இந்த வயசுல இதெல்லாம்?" என்று சிரித்துக்கொண்டே கேட்டார். அதட்டவில்லை, மிரட்டவில்லை. அதன்பிறகு அப்பா எந்த மனுவும் எழுதவில்லை. ரேஷன் அட்டையில் பெயர் தப்பாக வந்தபோதுகூட எழுதவில்லை.

எங்கள் அப்பாவால் உயர் நீதிமன்றம் போயிருக்க முடியாது, அது வேறு விஷயம். அந்தக் கதவையும் சாத்து என்று, இந்தக் கதை முழுக்கத் தெரிந்த, எங்கள் வீட்டில் சாப்பிட்டு வளர்ந்த நீயே எழுதுகிறாயே, அதுதான்.

2018 அக்டோபர் 12 அன்று ராத்திரி நீ என்ன பதிவு போட்டாய் என்று இன்று காலை தேடிப் பார்த்தேன். இன்னும் இருக்கிறது. ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்திருக்கிறேன். இங்கே போடமாட்டேன்.