சிறிய உலை என்றால் செலவும் சிறிதா?

சென்ற மாதம் அப்பாவை இதயப் பரிசோதனைக்கு அழைத்துச் சென்றேன். காலை எட்டு மணிக்குள் வந்துவிட வேண்டும், தாமதித்தால் ஊசி மருந்து வீணாகிவிடும் என்று முதல் நாளே தொலைபேசியில் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்கள். அந்த மருந்தில் இருப்பது டெக்னீசியம்-99எம். ஆறு மணி நேரத்தில் அதன் கதிரியக்கம் பாதியாகிவிடும். அதற்கு மூலமான மாலிப்டினம்-99 கூட 66 மணி நேரத்தில் பாதியாகிவிடுவதால், வாங்கிச் சேமித்து வைக்க வழியில்லை. எங்கோ ஓர் ஆய்வு உலையில் (மின்சாரத்துக்காக அல்லாமல் ஆராய்ச்சி போன்ற பணிகளுக்காக இயக்கும் அணு உலையில்) வாரந்தோறும் உண்டாக்கி, விமானத்தில் அனுப்பிக்கொண்டே இருக்க வேண்டும். சிங்கப்பூரில் அணு உலை இல்லை என்றாலும், அப்பாவைப் போன்ற நோயாளிகள் உலைகளை நம்பித்தான் இருக்கிறார்கள்.

2025 வரவுசெலவுத் திட்ட உரையில் பிரதமர் லாரன்ஸ் வோங் அணுசக்தியைப் பற்றிப் பேசியதிலிருந்து, நண்பர்கள் பலர் ஒரே வாதத்தை முன்வைக்கிறார்கள்: இனி வரப்போவன சிறிய உலைகள், ஆகவே மலிவானவை, ஆகவே பாதுகாப்பானவை. இந்த இரண்டு ‘ஆகவே’களும் எனக்கு உறுத்துகின்றன. ஆய்வு உலைகள் மின்நிலைய உலைகளைவிட மிகச் சிறியவை. அவற்றின் வரலாறு இந்த வாதத்துக்குத் துணை நிற்கவில்லை.

கனடாவின் சாக் ரிவரில் 1957இல் தொடங்கிய என்.ஆர்.யு. உலை, ஒரு காலத்தில் உலகின் மாலிப்டினம் தேவையில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் வழங்கியது. அது மூப்படைந்ததால், அதன் இடத்தில் மேப்பிள் என்னும் இரண்டு உலைகளைக் கட்டத் தொடங்கினார்கள். ஒவ்வொன்றும் வெறும் 10 மெகாவாட் வெப்பத்திறன் கொண்டது. இரண்டுக்கும் சேர்த்து முதலில் போட்ட மதிப்பீடு ஏறத்தாழ 14 கோடி கனடிய டாலர். உலையின் திறன் கூடும்போது, அணுக்கள் அடுத்தடுத்துப் பிளக்கும் தொடர்வினை தானாகவே சற்றுத் தணிய வேண்டும் என்பது வடிவமைப்பாளர்களின் கணக்கு. சோதித்துப் பார்த்தபோது அது தணிவதற்குப் பதிலாகக் கூடியது. பிழை அளவில் இருந்திருந்தால் திருத்திக்கொண்டிருக்கலாம். இங்கே கூட்டல் கழித்தல் குறியே மாறிப்போயிருந்தது. ஆண்டுக்கணக்கில் ஆராய்ந்தும் காரணத்தை உறுதிசெய்து சரிப்படுத்த முடியவில்லை. செலவு இரண்டு மடங்கைத் தாண்டிய பிறகு, 2008 மே மாதம் இரண்டு உலைகளும் கைவிடப்பட்டன. மருத்துவத்துக்கென்று ஒரு வேளை மருந்துகூட அவற்றிலிருந்து வெளிவரவில்லை.

இதற்கிடையில் பழைய உலையில் வேறொரு சிக்கல். இரண்டு குளிர்விப்பு பம்புகள், உரிமத்தில் கேட்டபடி அவசரகால மின்வழங்கலோடு இணைக்கப்படவில்லை என்பது 2007 நவம்பரில் தெரியவந்தது. கனடாவின் அணுப் பாதுகாப்பு ஒழுங்குமுறை ஆணையத்தின் தலைவர் லிண்டா கீன், இணைப்பு முடியாமல் உலையை இயக்கக்கூடாது என்றார். மருத்துவமனைகளில் தட்டுப்பாடு வந்தது. நாடாளுமன்றம் டிசம்பரில் அவசரச் சட்டம் இயற்றி உலையை ஓடவிட்டது. 2008 ஜனவரியில் அவர் தலைவர் பதவியிலிருந்து நீக்கப்பட்டார். நோயாளிகளின் பக்கம் நியாயம் இல்லை என்று நான் சொல்லமாட்டேன். அப்பா அந்த வரிசையில் இருந்திருந்தால் நானும் உலையைத் திறக்கச் சொல்லித்தான் கத்தியிருப்பேன். ஆனால் மாற்று உலை நேரத்துக்கு வந்திருந்தால் அந்த நெருக்கடியே எழுந்திருக்காது. செலவும் தாமதமும் பணக்கணக்கோடு நிற்காமல் பாதுகாப்பில் வந்து கைவைப்பது இந்த வழியாகத்தான்.

கனடா மட்டும் என்றில்லை. பிரான்ஸின் ஜூல் ஹொரோவிட்ஸ் உலை ஏறத்தாழ 50 கோடி யூரோவில் 2014இல் தயாராக வேண்டியது; இப்போது 2032க்குப் பிறகுதான் என்கிறார்கள். ரஷ்யாவின் பிக் உலைக்கு 1976இல் பணி தொடங்கியது. செர்னோபில் விபத்துக்குப் பின் அது நின்றுபோய், 2011இல்தான் உலை முதன்முதலாக உயிர்பெற்றது. (கல்பாக்கத்தின் முன்மாதிரி வேக ஈனுலை மின்சாரம் தயாரிப்பதற்கானது; ஆய்வு உலை வகையில் சேராது. ஆனாலும் 2004இல் சுமார் 3,500 கோடி ரூபாய் மதிப்பீட்டில் தொடங்கி, 2010 இலக்கைத் தவறவிட்டு, 2024 மார்ச்சில்தான் உலையின் மையப்பகுதியை நிரப்பத் தொடங்கிய கதை இங்கே பலருக்குத் தெரிந்திருக்கும்.)

எனக்கு ஓரளவு நம்பிக்கை தருவது ஆஸ்திரேலியாவின் ஓபல் உலைதான். 2007 ஏப்ரலில் திறப்பு விழா நடந்தது. ஜூலையில் எரிபொருள் தகடுகள் சில இடம்பெயர்ந்திருந்ததைக் கண்டு நிறுத்திவிட்டார்கள். திறந்து மூன்றே மாதத்தில் மூடுவது எவ்வளவு பெரிய தலைக்குனிவு! இருந்தாலும் வடிவத்தைத் திருத்தி, அனுமதி பெற்று, 2008 மே மாதம்தான் மீண்டும் இயக்கினார்கள். அந்தப் பத்து மாத நட்டத்தை அவர்கள் தாங்கிக்கொண்டார்கள்.

நம் சிங்கப்பூரில் இப்போது கதிரியக்கக் கட்டுப்பாடு தேசியச் சுற்றுப்புற வாரியத்தின் பொறுப்பு. எரிசக்தித் திட்டமிடல் எரிசக்திச் சந்தை ஆணையத்தின் பொறுப்பு. இந்தப் பிரிவினை நல்லது. ஆனால் ஓர் உலை உண்மையிலேயே வருமானால், மின்சாரம் போதாத ஒரு வாரத்தில் ‘நிறுத்து’ என்று சொல்லும் அதிகாரிக்குச் சட்டத்தில் என்ன பாதுகாப்பு இருக்கும், நிறுத்திய நாள்களின் செலவை யார் ஏற்பார்கள் என்பதை எழுத்தில் காண விரும்புகிறேன். ஒரு யூனிட் மின்சாரம் எத்தனை காசுக்குக் கிடைக்கும் என்ற கணக்கை அதற்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.