ரோல் கிடைத்துவிடும், கழுவ ஆள் இருக்கா?

வெளிநாடு போகிற நண்பர்கள் பலர் இப்போது பழைய ஃபிலிம் தேடி அலைகிறார்கள். பார்க்கவே சந்தோஷமாக இருக்கிறது. டோக்கியோவில் ஏபிஎஸ், பெர்லின் பழம்பொருள் சந்தையில் 127 என்று (இரண்டும் பழைய ஃபிலிம் அளவுகள்) படம் போடுகிறார்கள். உடனே எல்லோரும் "எங்கே கிடைச்சது, என்ன விலை" என்று கேட்கிறார்கள். எங்கே கழுவப் போகிறாய் என்று மட்டும் யாரும் கேட்பதில்லை. என்னைக் கேட்டால் முதலில் கேட்க வேண்டியதே அதுதான். கழுவ இடம் தெரியாத ரோலுக்குக் காசு கொடுக்கக் கூடாது.

ஃபிலிம் நின்றுபோச்சு என்று பொத்தாம்பொதுவாகச் சொல்கிறோம். சில ரோல்களில் அளவு மட்டும் நின்றுபோயிருக்கும். சிலவற்றில் கழுவும் முறையே நின்றுபோயிருக்கும். அளவு போனால் சமாளிக்கலாம். கழுவும் முறை போய்விட்டால் பணம் எவ்வளவு கொட்டினாலும் ஆகாது.

620 என்ற ரோல் அளவை எடுத்துக்கொள்ளுங்கள். கோடாக் 1995இல் நிறுத்திவிட்டது. ஆனால் உள்ளே இருப்பது இன்றும் கடையில் கிடைக்கிற 120 ஃபிலிம்தான். அதே அகலம், அதே பின்காகிதம். ஸ்பூல் (ஃபிலிம் சுற்றியிருக்கும் உருளை) மட்டும் ஒல்லி, அதனால் 620 கேமராவில் போட 120ஐ ஸ்பூல் மாற்றிச் சுற்ற வேண்டும். ஹோட்டல் குளியலறையில் ராத்திரி விளக்கை அணைத்து, கதவிடுக்கில் துண்டைத் திணித்துவிட்டு நீங்களே சுற்றிக்கொள்ளலாம். 120 ரோலை முதலில் ஒரு காலி 620 ஸ்பூலில் சுற்ற வேண்டும். இப்போது தலைகீழாக இருக்கும் என்பதால் அதை இன்னொரு 620 ஸ்பூலுக்கு மாற்ற வேண்டும். ஃபிலிமின் ஒரு முனை மட்டும்தான் காகிதத்தோடு டேப்பால் ஒட்டியிருக்கும். இரண்டாவது முறை சுற்றும்போது அந்த முனை கடைசியில் வரும், அந்த இடத்தில் ஃபிலிம் புடைத்துக்கொண்டு நிற்கும். அவசரப்பட்டு அழுத்தினால் மடிப்பு விழுந்துவிடும். டேப்பை மெல்ல உரித்து, ஃபிலிமை விரலால் நீவிவிட்டு, திரும்ப ஒட்ட வேண்டும். பகலில் ஒரு வீணான ரோலை வைத்துப் பழகிக்கொண்டால் கைக்கு வந்துவிடும். கழுவுவதற்கு 120 கழுவுகிற எந்த லேபும் போதும். கவரின் மேல் "ஸ்பூலைத் திருப்பித் தரவும்" என்று பெரிதாக எழுதிக் கொடுங்கள். இல்லாவிட்டால் குப்பையில் போட்டுவிடுவார்கள், அப்புறம் அடுத்த ரோலைச் சுற்ற ஸ்பூல் இருக்காது.

1963இல் கோடாக்கின் இன்ஸ்டமாட்டிக் கேமராவோடு வந்த 126 அளவையும் காப்பாற்றிவிடலாம். பிளாஸ்டிக் கூட்டுக்குள் இருப்பது 35 மி.மீ. அகல ஃபிலிம்தான். 110 என்ற சின்ன அளவுக்கு லோமோகிராஃபி நிறுவனம் 2012இல் மறுபடி உயிர் கொடுத்தது.

ஏபிஎஸ் கொஞ்சம் சிக்கல். கோடாக், ஃபூஜி, கேனன், மினோல்டா, நிக்கான் ஐந்தும் சேர்ந்து 1996இல் கொண்டுவந்த அளவு இது. 2011இல் ஃபிலிம் தயாரிப்பு நின்றது. (இன்றைய டிஜிட்டல் கேமராக்களில் ஏபிஎஸ்-சி சென்சார் என்கிறோமே, அந்தப் பெயர் இங்கிருந்து வந்ததுதான்.) டோக்கியோவின் பழைய கேமராக் கடைகளில் "ஜங்க்" என்று எழுதிய கூடைகள் இருக்கும், சில நூறு யென்னுக்கு ஏபிஎஸ் கேமராவே கிடைக்கும். கேட்ரிட்ஜின் அடியைத் திருப்பிப் பாருங்கள். வட்டம், அரைவட்டம், பெருக்கல் குறி, சதுரம் என்று நான்கு குறிகள் இருக்கும். வட்டம் வெள்ளையாகத் தெரிந்தால் புது ரோல். அரைவட்டம் என்றால் பாதி எடுத்தது. பெருக்கல் என்றால் முழுதும் எடுத்துவிட்டார்கள், கழுவவில்லை. சதுரம் என்றால் கழுவியாகிவிட்டது. பெருக்கல் குறியோடு ஒன்று எனக்குக் கிடைத்தது. யாரோ ஒரு குடும்பத்தின் விடுமுறையாக இருக்கலாம். அப்படிப்பட்ட ரோலைக் கழுவிப் பார்ப்பதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் அதில் வரும் முகங்களை இணையத்தில் போட்டு லைக் வாங்குவதை நான் ஏற்கமாட்டேன்.

ஏபிஎஸ் கலர் ஃபிலிமுக்கு வேண்டியது கலர் நெகட்டிவ் கழுவுகிற சாதாரண சி-41 மருந்துதான், அது எங்கும் உண்டு. ஆனால் ஃபிலிம் 24 மி.மீ. அகலம், ஒரு முனை கேட்ரிட்ஜுக்குள்ளேயே பூட்டியிருக்கும். அதைப் பிரிக்கவும் மாட்டவும் கருவி வைத்திருக்கிற லேப் வேண்டும். ஜப்பானில் 35 மி.மீ. ரோலை ஒரு மணி நேரத்தில் கழுவித் தரும் கடைகள் இன்னும் இருக்கின்றன. அதை நம்பி ஏபிஎஸ்ஸைக் கடைசி நாளில் நீட்டக் கூடாது. வேறு ஊருக்கு அனுப்பிக் கழுவி வாங்குவார்கள், நாள் பிடிக்கும். ஊர் சுற்றக் கிளம்பும் முன்பே கொடுத்துவிட வேண்டும்.

இப்போது கோடாக்ரோம் என்ற கலர் ஃபிலிம். 1935இல் வந்தது, 2009இல் கோடாக் நிறுத்தியது. மற்ற கலர் ஃபிலிம்களில் நிறத்தை உண்டாக்கும் பொருள் ஃபிலிமுக்குள்ளேயே இருக்கும். கோடாக்ரோமில் அது கிடையாது, கழுவும்போதுதான் ஒவ்வொரு நிறமாக ஏற்றுவார்கள். அந்த கே-14 முறைக்குப் பெரிய இயந்திரமும் தேர்ந்த ஆட்களும் வேண்டும். உலகத்தில் கடைசியாக அதைச் செய்தது அமெரிக்காவில் கான்சாஸ் மாநிலத்தின் பார்சன்ஸ் என்ற சின்ன ஊரில் இருக்கும் டுவேன்ஸ் ஃபோட்டோ. 2010 டிசம்பர் 30 வரை ரோல் வாங்கினார்கள். அந்தக் கடைசி நாட்களில் அர்கன்சாவிலிருந்து ஒரு ரயில்வே ஊழியர் வந்து, தான் எடுத்த ரயில் படங்கள் 1,580 ரோலைக் கழுவி வாங்கிப் போனார். லண்டனிலிருந்து ஒரு பெண் கலைஞர் மூன்று ரோலைக் கொடுக்க விமானம் ஏறி வந்தார். கோடாக் தயாரித்த கடைசி ரோலில் அமெரிக்கப் புகைப்படக்காரர் ஸ்டீவ் மெக்கரி இந்தியாவிலும் படம் எடுத்தார். அதுவும் பார்சன்ஸில்தான் கழுவப்பட்டது.

அந்த மூன்று ரோல் பெண்ணைப் பைத்தியம் என்று சொல்பவர்கள் இருக்கலாம். எனக்கு அவர் மேல் பெரிய மரியாதை. ரோலுக்கும் லேபுக்கும் உள்ள உறவு அவருக்குப் புரிந்திருந்தது. இன்று சந்தையில் கோடாக்ரோம் பார்த்தால் அதில் கலர் வரும் என்று நினைத்து வாங்காதீர்கள். வீட்டில் பழையது இருந்தால் தெரியாத்தனமாக சி-41 கடையில் கொடுத்துவிடாதீர்கள். அந்த மருந்து வெள்ளியைக் கரைத்துவிடும், நிறமும் ஏறாது, கைக்கு வெறும் பிளாஸ்டிக்தான் வரும். கறுப்பு வெள்ளையாகக் கழுவி உருவத்தை மீட்கலாம். கனடாவில் ஃபிலிம் ரெஸ்க்யூ இன்டர்நேஷனல் போன்றவர்கள் அந்த வேலையைச் செய்கிறார்கள்.

எடுத்த ஊரிலேயே கழுவுங்கள் என்று நான் வற்புறுத்துவதற்கு விமான நிலையமும் ஒரு காரணம். கைப்பைகளுக்கே இப்போது சிடி ஸ்கேனர் வந்துவிட்டது. கழுவாத ஃபிலிமை அதற்குள் விடாதீர்கள் என்று கோடாக்கே சொல்கிறது. செக்-இன் பெட்டியில் வைப்பதை நினைக்கவே வேண்டாம். காலாவதியான ரோல் ஏற்கெனவே மங்கிப்போயிருக்கும், அதன் மேல் கதிர் பட்டால் இன்னும் கெடும். ரோலை உள்ளே இருப்பது தெரிகிற பிளாஸ்டிக் பையில் போட்டு, கையால் சோதிக்கும்படி கேளுங்கள். அமெரிக்காவில் அப்படிக் கேட்கலாம் என்று விதியே இருக்கிறது. கழுவிவிட்ட நெகட்டிவ் எந்த ஸ்கேனரில் போனாலும் ஒன்றும் ஆகாது.

கறுப்பு வெள்ளைக்கு இவ்வளவு பயம் தேவையில்லை. நம் ஊட்டியில் இந்துஸ்தான் ஃபோட்டோ ஃபிலிம்ஸ் 1967இல் உற்பத்தியைத் தொடங்கி, "இந்து" என்ற பெயரில் ரோல் போட்டது. அந்தத் தொழிற்சாலை மூடிவிட்டது. ஆனாலும் படம் எடுத்துவிட்டுக் கழுவாமல் விட்ட இந்து கறுப்பு வெள்ளை ரோல் பரணில் கிடைத்தால், சாதாரண டெவலப்பரிலேயே கழுவலாம். மங்கலாக வந்தாலும் முகம் தெரிய வாய்ப்பு உண்டு.

வெளிநாட்டில் ஏபிஎஸ், 110, 127 கழுவிக் கொடுக்கும் லேப் ஏதாவது உங்களுக்கு நேரடியாகத் தெரிந்தால் ஊர், எத்தனை நாள் ஆனது, ஸ்பூல் திரும்ப வந்ததா என்பதோடு சொல்லுங்கள். எல்லாவற்றையும் ஒரே இடத்தில் தொகுத்துப் போடுகிறேன். அடுத்து கிளம்புகிறவர்கள் ரோல் வாங்கும் முன் அதைப் பார்த்துக்கொள்ளட்டும்.